அளப்பது ரேடானை; நெஞ்சில் தங்குவது அதன் சேய்கள்

வீட்டுக்கென்று விற்கப்படும் ரேடான் மீட்டர்களில் அநேகமாக எதுவுமே நுரையீரலைத் தாக்கும் பொருளை அளப்பதில்லை. அவை அளப்பது மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவை. ரேடான் மந்த வாயு, உடலில் எதோடும் வினைபுரியாது. மூச்சோடு உள்ளே போனதில் பெரும்பகுதி மூச்சோடே திரும்பி வந்துவிடும். உள்ளே தங்குவது அது சிதைந்து பிறக்கும் பொலோனியம், ஈயம், பிஸ்மத் அணுக்கள். இவை திண்மங்கள். மூச்சுக்குழாயின் ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டு, சளியோடு வெளியேறுவதற்குள் அங்கேயே சிதைந்து ஆல்ஃபா துகள்களை வீசுகின்றன. ஆல்ஃபா துகள் திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது. அந்தச் சிறு தூரத்திலேயே தன் ஆற்றலையெல்லாம் கொட்டித் தீர்த்துவிடும்.

குற்றவாளி சேய்கள் என்று தெரிந்திருந்தும் ஏன் தாயை அளக்கிறோம்? கருவி மலிவு என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி அறைக் காற்றின் இயல்பில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் எந்த வீட்டில் வாயு அளவீடு போதும், எங்கே சேய்களைத் தனியாக அளந்தே ஆக வேண்டும் என்பது விளங்கிவிடும்.

சங்கிலியின் கணக்கு

யுரேனியம்-238 வரிசையில் ரேடியம்-226 சிதைந்து ரேடான்-222 பிறக்கிறது. அதன் அரை ஆயுள் 3.82 நாள். மண்ணின் துளைகள் வழியே ஊர்ந்து, அடித்தளக் கான்கிரீட்டின் விரிசல்களையும் குழாய் நுழையும் ஓட்டைகளையும் கண்டுபிடித்து வீட்டுக்குள் வர இந்த அவகாசம் போதும். அடுத்து வருபவை குறுகிய ஆயுள் கொண்டவை: பொலோனியம்-218 (சுமார் 3 நிமிடம்), ஈயம்-214 (26.8 நிமிடம்), பிஸ்மத்-214 (19.9 நிமிடம்), பொலோனியம்-214 (ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு). அதற்குப் பின் வரும் ஈயம்-210க்கு 22 ஆண்டு அரை ஆயுள். அது சிதையும் முன்பே உடலோ வீடோ அதை அப்புறப்படுத்திவிடும் என்பதால் காற்றளவீட்டில் சங்கிலி இங்கே முடிந்ததாகவே கொள்வார்கள்.

ஆல்ஃபாவை வீசுபவை இதில் இரண்டு: 6.00 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் பொலோனியம்-218, 7.69 ஆற்றலுடன் பொலோனியம்-214. ஈயம்-214ம் பிஸ்மத்-214ம் பீட்டா வீசுபவைதான். ஆனால் அவற்றின் ஒவ்வொரு அணுவும் பின்னால் ஒரு 7.69 ஆல்ஃபாவைக் கட்டாயம் கொண்டுவரும். ஆகவே சேய்களை அளப்பது என்றால் "இப்போது எத்தனை ஆல்ஃபா வருகிறது" என்று எண்ணுவதோடு வேலை முடியாது. காற்றில் மிதக்கும் அணுக்கள் எல்லாம் சிதைந்து முடிக்கையில் மொத்தம் எவ்வளவு ஆல்ஃபா ஆற்றல் வெளிப்படும் என்று கணிக்க வேண்டும். இந்தக் கணக்கில் பொலோனியம்-218, ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகிய மூன்று சேய்களுக்கும் சம எடை கிடையாது. ஒரு பெக்கரல், அதாவது விநாடிக்கு ஒரு சிதைவு, கிடைக்கக் குறைந்த ஆயுள் அணுக்கள் சிலவே தேவை. நீண்ட ஆயுள் அணுக்கள் நிறையத் தேவை. ஒரு பெக்கரல் பொலோனியம்-218 என்பது 268 அணுக்கள்தான். ஒரு பெக்கரல் ஈயம்-214 என்பதோ 2,300க்கும் மேல். இதனால்தான் எடைகள் முறையே 0.105, 0.515, 0.380 என்று வருகின்றன.

ஓர் அறையில் கன மீட்டருக்கு ரேடான் 100, பொலோனியம்-218 75, ஈயம்-214 40, பிஸ்மத்-214 25 பெக்கரல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எடைகளால் பெருக்கிக் கூட்டினால் 7.9 + 20.6 + 9.5 = 38. இதைச் 'சமநிலைக்கு நிகரான செறிவு' என்பார்கள். அதை ரேடான் அளவால் வகுத்தால் 0.38; இதுதான் சமநிலைக் காரணி. சேய்கள் எல்லாம் ரேடானுக்குச் சமமான பெக்கரலில் இருந்தால் அது 1. சாதாரண வீடுகளுக்கு 0.4 என்று எடுத்துக்கொள்வது உலக வழக்கம். பழைய சுரங்க அலகு ஒன்றும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது: ஒரு வொர்க்கிங் லெவல் என்பது ஒரு லிட்டர் காற்றில் 1,30,000 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆல்ஃபா ஆற்றலைத் தரக்கூடிய சேய்கள். சமநிலைக்கு நிகரான செறிவில் சொன்னால் கன மீட்டருக்கு 3,700 பெக்கரல். அமெரிக்க அறிக்கைகளில் வரும் பைகோகியூரி/லிட்டர் அலகை 37ஆல் பெருக்கினால் பெக்கரல்/கன மீட்டர் வந்துவிடும்.

ஏன் வாயுவை அளந்தாலே பெரும்பாலும் போதும்

ரேடான் வாயு அறை முழுக்க ஏறத்தாழ சீராகக் கலந்து நிற்கும். சேய்கள் அப்படியல்ல. பிறந்தவுடன் பொலோனியம்-218 பெரும்பாலும் நேர்மின்னேற்றம் கொண்ட தனி அணு. நீராவி மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு நானோமீட்டர் அளவிலான சிறு கொத்தாகிறது. அதன்பின் அதற்கு இரண்டே வழி. காற்றில் மிதக்கும் தூசியிலோ புகைத்துகளிலோ ஒட்டிக்கொள்ளும்; இல்லையென்றால் சுவரிலோ மேசையிலோ மின்விசிறி இறக்கையிலோ படிந்து காற்றைவிட்டே விலகிவிடும்.

மெழுகுவர்த்தி எரிந்தால், அடுப்பில் எண்ணெய் புகைந்தால், ஊதுபத்தி ஏற்றினால் ஒட்டிக்கொள்ள ஏராளமான துகள்கள் கிடைக்கும். சேய்கள் காற்றிலேயே மிதக்கும். சமநிலைக் காரணி ஏறும். மின்விசிறியோ காற்றுச் சுத்திகரிப்பானோ ஓடினால் படிவது கூடி, காரணி இறங்கும். இதைப் பார்த்துவிட்டு "சுத்திகரிப்பான் வாங்கினால் ரேடான் பிரச்சினை தீர்ந்தது" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. சுத்திகரிப்பான் துகள்களை எடுத்துவிடுவதால் மிஞ்சும் சேய்கள் எதிலும் ஒட்டாத நானோ கொத்துகளாகவே திரிகின்றன. 100 முதல் 200 நானோமீட்டர் துகளில் ஒட்டிய அணுவைக் காட்டிலும் இந்த ஒட்டாத அணு மூச்சுக்குழாய்ச் சுவரில் பல மடங்கு எளிதில் படியும். மொத்தச் சேய்கள் குறையும்போது அவற்றில் ஒட்டாத பங்கு கூடுகிறது. ஒன்று மற்றதை ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே ஒரு பெக்கரல் ரேடான் வாயுவுக்கு நுரையீரல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு, அதாவது டோஸ், காரணி ஏறினாலும் இறங்கினாலும் அவ்வளவாக மாறுவதில்லை. வாயுவை அளப்பது சோம்பேறித்தனமான குறுக்குவழி இல்லை என்பதற்கு இதுதான் ஆதாரம். ஒட்டாத பங்கை விட்டுவிட்டுச் சேய்களின் மொத்த ஆற்றலை மட்டும் அளந்தால், சுத்திகரிப்பான் ஓடும் வீட்டில் வாயு அளவீட்டைவிட மோசமான முடிவுக்குக்கூட வந்து சேரலாம்.

டோஸ் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. 100 பெக்கரல் வாயு, காரணி 0.4, ஆண்டுக்கு 7,000 மணி நேரம் வீட்டுக்குள் என்று வைத்து ஐ.நா.வின் கதிர்வீச்சு விளைவுகளுக்கான அறிவியல் குழு பயன்படுத்தும் பெருக்கெண்ணைப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 2.5 மில்லிசீவர்ட் (டோஸின் அலகு) வரும். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் பரிந்துரைத்த பெருக்கெண்ணைப் போட்டால் 4.7 வரும். அளவீடு மாறவில்லை, மாறியது பெருக்கெண். மில்லிசீவர்ட் எண்ணை மட்டும் காட்டும் அறிக்கை கையில் கிடைத்தால், எந்தப் பெருக்கெண் என்று கேட்காமல் அதை இன்னோர் அறிக்கையோடு ஒப்பிடக் கூடாது. பெக்கரலில் பேசுவதே நல்லது.

எந்தக் கருவி எதைச் சொல்கிறது

கரிக்குப்பி எளிமையானது. செயலூட்டிய கரி நிரப்பிய தட்டையான டப்பாவைத் திறந்து 2 முதல் 7 நாள் வைத்து, மூடி, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கரி ரேடானை உறிஞ்சும். மூடிய பின் குறைந்தது 3 மணி நேரம் விட்டால் உள்ளே சேய்கள் சமநிலைக்கு வரும். ஈயம்-214இன் 295, 352 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமாவையும் பிஸ்மத்-214இன் 609ஐயும் எண்ணி ரேடானைக் கணிப்பார்கள். பிழை மூன்று இடங்களில் நுழையும். கரி ஈரத்தையும் உறிஞ்சும். ஈரம் கூடினால் ரேடானுக்கு இடம் குறையும். நல்ல ஆய்வகம் டப்பாவை முன்னும் பின்னும் எடை போட்டு இதைத் திருத்தும். அடுத்தது, கரி பிடித்ததை விடவும் செய்யும். கடைசி நாளின் செறிவே முடிவில் ஓங்கி நிற்கும். முதல் இரண்டு நாள் அடைத்த வீடு, மூன்றாம் நாள் ஜன்னல் திறப்பு என்றால் எண் பொய் சொல்லும். மூன்றாவது தாமதம். மூடிய டப்பா 6 நாள் தபாலில் கிடந்தால் உள்ளே இருந்த ரேடானில் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும். கணக்கில் அதைத் திருத்தலாம்; எண்ணிக்கை குறைந்ததால் கூடும் புள்ளியியல் பிழையைத் திருத்த முடியாது.

நீண்ட கால அளவீட்டுக்கு ஆல்ஃபா தடப் படலம்தான் இன்றுவரை அசைக்க முடியாதது. சிஆர்-39 என்ற பிளாஸ்டிக் துண்டு ஒரு சிறு மூடிய கிண்ணத்துக்குள் இருக்கும். வாயு மட்டும் மெல்ல ஊடுருவும். வெளியிலிருக்கும் சேய்களும் தூசியும் நுழையாது. உள்ளே போன ரேடானும் அங்கேயே பிறக்கும் சேய்களும் வீசும் ஆல்ஃபா, பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத சேதக் கோடுகளை விட்டுச்செல்லும். 6.25 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 70 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் ஊறவைத்தால் அந்தக் கோடுகள் குழிகளாக விரியும், நுண்ணோக்கியில் எண்ணலாம். குழியின் விட்டம் வெப்பத்தையும் நேரத்தையும் பொறுத்து மாறுவதால், தொட்டியின் வெப்பம் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் வேறுபடாமல் இருப்பது முக்கியம். ஒரே தொட்டியில் போட்ட இரட்டைப் படலங்கள் வெவ்வேறு எண் தந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கரைசலைக் கலக்கும் கலக்கியைத்தான்.

கணக்கு எளிது. 100 பெக்கரல் செறிவில் 90 நாள் இருந்தால் வெளிப்பாடு 100 × 24 × 90 = 2,16,000 பெக்கரல் மணி, அதாவது 216 கிலோ பெக்கரல் மணி. அந்தத் தொகுதிப் படலத்துக்கு அளவுத்திருத்தம் ஒரு கிலோ பெக்கரல் மணிக்குச் சதுர சென்டிமீட்டரில் 2.5 தடம் என்றால் 540 தடங்கள் கிடைக்கும். புள்ளியியல் பிழை 5 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் உறை கிழிக்கும் முன்பே படலத்தில் தடங்கள் இருக்கும். பழைய படலத்தில் இன்னும் அதிகம். அலுமினியத் தாள் உறையிலேயே திறக்காமல் வைத்த ஒன்றிரண்டு படலங்களைக் கூடவே அனுப்பினால்தான் இந்தப் பின்னணியைக் கழிக்க முடியும். சாதாரணப் பிளாஸ்டிக் பைக்குள் ரேடான் ஊடுருவும், அது உதவாது.

இலத்திரனியல் மீட்டர்களில் பெரும்பாலானவை சிறு அறைக்குள் சிலிக்கான் உணரி வைத்து ஆல்ஃபாவை எண்ணுபவை. கேட்டவுடன் எண் காட்டுவது இவற்றின் வசதி. அதுவே இவற்றின் ஆபத்தும். 0.2 லிட்டர் அறையுள்ள மீட்டரை 40 பெக்கரல் செறிவில் வைத்தால் மணிக்குள் சிதையும் ரேடான் அணுக்கள் 29 மட்டுமே. சிதைவு ஐந்துக்கு ஓர் ஆல்ஃபா எண்ணப்பட்டால் மணிக்கு 6 எண்ணிக்கை. எண்ணிக்கையின் தடுமாற்றம் அதன் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும்; ஆறின் வர்க்கமூலம் 2.4, பிழை 40 சதவீதம். அடுத்தடுத்த மணிகளில் 25ம் 60ம் காட்டினால் வீட்டில் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை, அது எண்ணிக்கை குறைவால் வரும் வெறும் தடுமாற்றம். ஒரு நாள் சராசரியில் பிழை 9 சதவீதத்துக்கு இறங்கும். அதிகச் செறிவுள்ள இடத்திலிருந்து எடுத்துவந்த மீட்டர் மூன்று, நான்கு மணி நேரம் பழைய சேய்களைச் சுமந்துகொண்டு கூட்டியே காட்டும். ஆண்டுக்கணக்கில் ஓடியதில் உணரியின் முகத்தில் ஈயம்-210 படிந்து, அதன் வழி வரும் பொலோனியம்-210இன் 5.30 ஆல்ஃபா நிரந்தரப் பின்னணியாகும். ஆற்றலைப் பிரித்துப் பார்க்கும் கருவி அதை ஒதுக்கும். பிரிக்காத மலிவுக் கருவியில் அது செறிவாகவே கணக்கில் ஏறும்.

கையடக்கக் கைகர் எண்ணியை அறையில் நீட்டினால் ரேடான் தெரியாது. அது காட்டுவது பெரும்பாலும் சுவரும் மண்ணும் தரும் காமாவும் விண்கதிரும்தான்.

சேய்களை நேரடியாகப் பிடிப்பது

இதன் அடிப்படை வடிதாள்தான். தெரிந்த அளவு காற்றை ஒரு வடிதாள் வழியே இழுத்து, தாளில் படிந்ததை எண்ண வேண்டும். வாயு தாளைக் கடந்து போய்விடும், சேய்கள் தங்கும். 1956இல் வெளிவந்த குஸ்நெட்ஸ் முறை இன்றும் கைகொடுக்கிறது. வழிமுறை இது: 0.8 மைக்ரான் துளையுள்ள மெம்பிரேன் வடிதாள், நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் பம்ப், 5 நிமிடம். ஆக 100 லிட்டர். பம்பை நிறுத்தியதும் கடிகாரத்தை ஓடவிட்டு, 40 முதல் 90 நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு நேரத்தில் துத்தநாக சல்ஃபைடு ஒளிர்தட்டு கொண்ட எண்ணியில் மொத்த ஆல்ஃபாவை எண்ண வேண்டும்.

நாற்பது நிமிடம் காத்திருப்பதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அதற்குள் தாளில் படிந்த பொலோனியம்-218 முழுவதும் தீர்ந்துவிடும். எஞ்சுவது பொலோனியம்-214இன் ஆல்ஃபா மட்டும். அந்த நேரத்தில் வரும் எண்ணிக்கை, தொடக்கத்தில் மூன்று சேய்களும் எந்த விகிதத்தில் இருந்தன என்பதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. ஒரே எண்ணிக்கையில் மொத்த ஆற்றலைக் கணிக்க முடிவது இதனால்தான். 40ஆம் நிமிடத்துக்குப் பெருக்கெண் 150, 60ஆம் நிமிடத்துக்கு 110, 90ஆம் நிமிடத்துக்கு 60. நிகர எண்ணிக்கை வீதத்தை எண்ணியின் திறன், லிட்டர், பெருக்கெண் மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் வொர்க்கிங் லெவல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 55 முதல் 65ஆம் நிமிடம் வரை எண்ணியதில் 710 வந்தது, நிமிடத்துக்கு 71. எண்ணியின் திறன் 0.3. 71 ÷ (0.3 × 100 × 110) = 0.0215 வொர்க்கிங் லெவல். 3,700ஆல் பெருக்கினால் 80 பெக்கரல் சமநிலைக்கு நிகரான செறிவு. அதே நேரத்தில் பக்கத்திலிருந்த மீட்டர் வாயு 200 என்று காட்டினால் காரணி 0.4. புள்ளியியல் பிழை 4 சதவீதத்துக்குள். ஆனால் இந்த எண்ணின் உண்மையான தரத்தைத் தீர்மானிப்பது வேறு விஷயங்கள்.

முதலாவது, காற்றோட்ட அளவு. மிதவை அளவுமானியைத் தாள் இல்லாமல் அளவுத்திருத்தம் செய்துவிட்டு, தாளோடு ஓட்டினால் ஓட்டம் குறைந்திருக்கும். எண் அந்த விகிதத்திலேயே தவறும். தாளைப் பொருத்திய நிலையிலேயே ஓட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். இரண்டாவது, பிடிப்பானின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் காற்று தாளைச் சுற்றி நழுவும். தாளின் விளிம்பில் வளையத்தின் அச்சு முழு வட்டமாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். மூன்றாவது, தாளைக் கவிழ்த்து எண்ணிக்குள் வைப்பது. இந்தத் தவறு நடப்பது நம்ப முடியாத அளவுக்குச் சகஜம். ஆல்ஃபா தாளின் தடிமனில் சிக்கி எண்ணிக்கை சுருங்கிப் போகும். காற்று பட்ட முகத்தில் பென்சிலால் முன்கூட்டியே ஒரு புள்ளி வைத்துவிட்டால் போதும். கண்ணாடி இழைத் தாளில் சேய்கள் ஆழமாகப் புதைவதால் சரியாக வைத்தாலும் ஆல்ஃபாவின் ஒரு பங்கு உள்ளேயே தொலையும், அதனால்தான் மெம்பிரேன்.

மூன்று சேய்களையும் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் தாமஸ் 1972இல் திருத்தியமைத்த சிவோக்லு முறை. 5 நிமிடம் இழுத்து, பம்ப் நின்றபின் 2–5, 6–20, 21–30 நிமிட இடைவெளிகளில் மூன்று முறை எண்ண வேண்டும். மூன்று எண்ணிக்கை, மூன்று சமன்பாடு. முதல் இடைவெளி மூன்றே நிமிடம் என்பதால் தாளை மாற்றும் கையில் 20 விநாடி தடுமாறினாலும் பொலோனியம்-218 எண் கெட்டுப்போகும். வீட்டுச் செறிவில் எண்ணிக்கை குறைவு என்பதால் அந்த எண்ணின் பிழை மற்ற இரண்டையும்விட எப்போதும் பெரிது. ஒட்டாத பங்கை அறிய, தாளுக்கு முன்னால் நுண்ணிய எஃகுக் கம்பிவலை ஒன்றை வைப்பார்கள். நானோ கொத்துகள் வேகமாகப் பரவி அலைவதால் வலைக் கம்பியில் மோதி ஒட்டும். துகளோடு சேர்ந்தவை நழுவித் தாளுக்குப் போகும். வலையோடு ஒரு தாள், வலையில்லாமல் ஒரு தாள் என்று ஒரே நேரத்தில் இழுத்து, வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணைப் பெறும் எந்த வேலையையும் போல இதிலும் பிழை பெருகும்.

எண்ணி இல்லாதவர்கள்கூடச் சேய்களைப் பார்த்துவிடலாம். வாக்குவம் கிளீனரின் குழாய் வாயில் மெல்லிய தாளைக் கட்டி அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, அந்தத் தாளை மெல்லிய மைக்கா சாளரமுள்ள கைகர் எண்ணியின் முன் வைத்தால் பின்னணியைவிடப் பல மடங்கு எண்ணிக்கை வரும். அரை மணிக்கும் முக்கால் மணிக்கும் இடையில் அது பாதியாகும். ஓட்டம், திறன் எதுவும் தெரியாததால் இதிலிருந்து பெக்கரல் கணக்கிட முடியாது. ஆனால் அதே தாளை ஆறேழு மணி நேரம் கழித்து மீண்டும் எண்ணிப் பாருங்கள். பின்னணிக்கு இறங்காமல் ஒரு மிச்சம் நின்று, அது மறுநாளும் மெதுவாகத்தான் குறைகிறது என்றால் அது ரேடானின் சேய் அல்ல.

தோரான்: வாயு அளவீடு கைவிடும் இடம்

அந்த மிச்சம் ஈயம்-212. தோரியம் வரிசையின் வாயுவான தோரான், அதாவது ரேடான்-220, விட்டுச்சென்றது. தோரானின் அரை ஆயுள் 55.6 விநாடி. மண்ணுக்கடியிலிருந்து வீட்டுக்குள் வர அதற்கு நேரமில்லை. சுவர்ப் பூச்சு, மண்சுவர், தரை ஆகியவற்றின் மேல் சில சென்டிமீட்டர் தடிமனிலிருந்து மட்டுமே அது தப்பி வரும். சுவருக்கு அருகில் செறிவாகவும் அறையின் நடுவில் அநேகமாக இல்லாமலும் இருக்கும். ஆகவே தோரான் வாயுவின் எண், மீட்டரைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தோம் என்பதையே பெரும்பாலும் சொல்கிறது. ஆனால் அதன் சேயான ஈயம்-212க்கு அரை ஆயுள் 10.64 மணி. அது அறை முழுக்கப் பரவிக் கலந்துவிடும். மேலும் சமநிலைக்கு நிகரான செறிவில் ஒரு பெக்கரல் தோரான் சேய், ஒரு பெக்கரல் ரேடான் சேயைப் போல ஏறத்தாழ 14 மடங்கு ஆல்ஃபா ஆற்றல் கொண்டது. இங்கே காரணியை ஊகித்து வாயுவிலிருந்து கணிப்பது வீண்வேலை. சேயை நேரடியாகத்தான் அளக்க வேண்டும்.

வடிதாள் முறையில் அதே தாளை 5 மணி நேரத்துக்குப் பின் மறுபடி எண்ணினால் ரேடான் சேய்கள் தீர்ந்து தோரான் சேய்கள் மட்டும் நிற்கும். மாதக்கணக்கான சராசரி வேண்டுமானால் ஆல்ஃபா தடம் பதியும் எல்ஆர்-115 படலத்தின் மேல் 50 மைக்ரான் தடிமனுள்ள, அலுமினியம் பூசிய மைலார் பிளாஸ்டிக் தாளை வைத்து, சுவரிலிருந்து தள்ளித் தொங்கவிடுவார்கள். தாளின் மேல் படியும் சேய்களில் பொலோனியம்-212இன் 8.78 ஆல்ஃபா மட்டுமே அந்தத் தடிமனைத் துளைத்துப் படலத்தை எட்டும், 7.69 வழியிலேயே நின்றுவிடும். படலத்தை 2.5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 60 டிகிரியில் சுமார் 90 நிமிடம் ஊறவைப்பது வழக்கம். இங்கே கவனிக்க வேண்டியது, ஊறியபின் மிஞ்சும் படலத் தடிமன். ஒரு மைக்ரான் வேறுபட்டாலும் தட எண்ணிக்கை கணிசமாக மாறும் என்பதால் தடிமனை அளந்து திருத்தாத எண்ணை நம்பக் கூடாது. மைலார் தாளை விரலால் தொட்டாலும் துடைத்தாலும் அளவீடு கெடும், படிவுதான் அங்கே அளவீடே.

வைக்கும் இடம், வைக்கும் காலம்

கருவியின் பிழை 10 சதவீதம் என்றால் வைத்த விதத்தில் வரும் பிழை 100 சதவீதமாக இருக்கலாம். குடியிருக்கும் தளங்களில் மிகக் கீழானதை, அதிலும் அதிக நேரம் இருக்கும் அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பெரும்பாலும் படுக்கையறை. தரையிலிருந்து அரை மீட்டராவது மேலே, வெளிச்சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர், ஜன்னல் கதவிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி. சமையலறையும் குளியலறையும் வேண்டாம். அலமாரிக்குள்ளோ நேராக விசிறிக்குக் கீழோ வைக்கவும் கூடாது.

நான்கு நாளுக்குக் குறைவான சோதனை என்றால் தொடங்குவதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல்களையும் வெளிக்கதவுகளையும் அடைத்து வைக்க வேண்டும். ஆள் போய்வரத் திறந்து மூடுவது பரவாயில்லை. வீட்டின் உட்காற்று வெளியைவிடச் சூடாக இருக்கும்போது மேலெழுந்து வெளியேறும். அடித்தளத்தில் சில பாஸ்கல் அளவுக்கு அழுத்தம் குறையும். அந்தச் சிறு உறிஞ்சலே பல்லாயிரம் பெக்கரல் ரேடான் உள்ள மண்காற்றை உள்ளே இழுக்கப் போதும். அதனால்தான் செறிவு விடியற்காலையில் உச்சத்துக்குப் போய் நண்பகலுக்குப் பின் இறங்குகிறது; பருவத்துக்குப் பருவம் இரண்டு மூன்று மடங்கு மாறுகிறது. இரண்டு நாள் எண், அந்த இரண்டு நாளின் எண். வீட்டின் எண் வேண்டுமானால் குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஓராண்டு.

இதன் விளைவு நோய்க்கணக்கு வரை நீள்கிறது. ஐரோப்பாவின் 13 ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியான பகுப்பாய்வில், ரேடான் 100 பெக்கரல் கூடினால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் 8 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. ஆண்டுக்கு ஆண்டு மாறும் செறிவை ஒருமுறை அளந்ததன் தடுமாற்றத்தைத் திருத்தியபின் அதே தரவு 16 சதவீதம் என்றது. பாதி அபாயத்தை அளவீட்டுத் தடுமாற்றம் மறைத்துவைத்திருந்தது. புகைபிடிப்பவருக்கு அடிப்படை அபாயமே மிக அதிகம் என்பதால் அதே சதவீதம் அவருக்கு எண்ணிக்கையில் பல மடங்கு.

உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்ன குறிப்பளவு 100 பெக்கரல். அது முடியாத இடங்களில் 300ஐத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013 உத்தரவு 300 என்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நடவடிக்கை அளவு 148. இவை எல்லாமே ஆண்டுச் சராசரிக்கானவை, வாயுவுக்கானவை. விடியற்காலை ஐந்து மணிக்கு மீட்டர் 320 காட்டியதை 300உடன் ஒப்பிட்டுப் பதறுவதில் பொருளில்லை. அதே சமயம் குறுகிய சோதனையில் ஆயிரத்தைத் தாண்டிய வீட்டில் ஓராண்டுப் படலம் வைத்துக் காத்திருப்பதும் அசட்டுத்தனம். உடனே இன்னொரு குறுகிய சோதனை, அதுவும் அதே அளவில் வந்தால் நேராகச் சீரமைப்பு.

எல்லை மீறிய செறிவுக்குப் பிரபலமான உதாரணம் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ராஸின் வீடு. 1984இல் அவர் வேலை பார்த்த லிமெரிக் அணுமின் நிலையத்தின் வாசல் கருவி அவரைப் பார்த்து அலறியது; நிலையமோ அப்போது இன்னும் இயங்கவே தொடங்கியிருக்கவில்லை. வீட்டில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,00,000 பெக்கரல். வாயு உடையில் ஒட்டாது. கருவி பிடித்தது வீட்டிலிருந்து அவர் மேல் படிந்துவந்த சேய்களைத்தான்.

சீரமைப்பு என்பது பெரும்பாலும் தரைக்கடியில் குழாய் இறக்கி, சிறு விசிறியால் மண்காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேல் விடுவது. விசிறி ஓடத் தொடங்கி 24 மணி நேரம் கழித்து, 30 நாளுக்குள் மறுசோதனை. அதே அறை, அதே இடம், அதே வகைக் கருவி. பக்கத்தில் இரட்டையாக ஒன்று கூட. இந்தச் சோதனையில் அளக்க வேண்டியது வாயுவை. சேய்களை மட்டும் அளந்து "குறைந்துவிட்டது" என்று எழுதித்தரும் ஒப்பந்தக்காரரிடம், அந்த அறையில் அப்போது காற்றுச் சுத்திகரிப்பான் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுக்கலாம்.